லினக்ஸில் என்விடியா இயக்கியை மேம்படுத்திய பின் எழும் சிக்கல்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இப்பக்கம் பெரும்பாலும் என்விடியா நிறுவனத்தின் தனியுரிம வரைகலை இயக்கியைப் பற்றியது. ஏஎம்டி அட்டைகளைப் பற்றி ஒரு கேள்வி மட்டும் இருக்கிறது. கட்டளைகளும் கோப்புப் பெயர்களும் இங்கே ஒலிப்பின்படி தமிழில் தரப்பட்டுள்ளன. முனையத்தில் அவற்றை வழக்கம்போல் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் உள்ளிட வேண்டும்.

மேம்படுத்தல் பிழையின்றி முடிந்ததாகவே கணினி தெரிவித்தது. பிறகு ஏன் கோளாறு வருகிறது?

என்விடியா இயக்கி வெளிப்பார்வைக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் உள்ளே இரண்டு பாதிகளாக இருக்கிறது. இயங்குதளத்தின் மையக்கருவான கெர்னலுக்குள் ஏற்றப்படும் நிரல்கூறுகள், அதாவது மாட்யூல்கள், ஒரு பாதி. ஓப்பன்ஜிஎல், வல்கன் ஆகிய வரைகலை இடைமுகங்கள், அட்டையில் கணக்கீடு செய்ய உதவும் குடா முதலியவற்றுக்காகப் பயனர் நிரல்கள் அழைக்கும் நூலகக் கோப்புகள் மறு பாதி. இவ்விரு பாதிகளின் பதிப்பெண் கடைசி இலக்கம் வரை ஒத்திருக்க வேண்டும். அதோடு, ஒரு மாட்யூல் எந்தக் கெர்னலுக்காகத் தொகுக்கப்பட்டதோ அந்தக் கெர்னலில்தான் ஏறும். ஆக, ஓடிக்கொண்டிருக்கும் கெர்னல், அதில் ஏறியிருக்கும் மாட்யூல், வட்டில் இருக்கும் நூலகம் ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று இசைந்திருந்தால்தான் திரை சரியாக வரும். மென்பொருள் பொதிகளை நிறுவும் பொதி மேலாளரின் பொறுப்பு கோப்புகளை வட்டில் வைப்பதோடு முடிந்துவிடுகிறது. ஏற்கெனவே நினைவகத்தில் இருக்கும் மாட்யூலை அது மாற்றுவதில்லை. அதனால்தான் அது ‘முடிந்தது’ என்று சொல்வதும் நமக்குக் கோளாறு தெரிவதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடிகிறது.

கீழே வரும் பெரும்பாலான பதில்கள் இந்த மூன்றில் எது பிசகியது என்று கண்டுபிடிக்கும் வழிகளே. அதைத் தெரிந்துகொள்ளாமல் இணையத்தில் கிடைத்த கட்டளைகளை வரிசையாக இயக்குவதுதான், பத்து நிமிடத்தில் தீர வேண்டிய சிக்கலை இயங்குதளத்தையே மறுபடி நிறுவும் நிலைக்குக் கொண்டு போகிறது.

அட்டையின் நிலையைக் காட்டும் ‘என்விடியா-எஸ்எம்ஐ’ கட்டளை, இயக்கியின் பதிப்பும் நூலகத்தின் பதிப்பும் பொருந்தவில்லை என்கிறது. என்ன செய்வது?

கணினியை ஒருமுறை மீண்டும் தொடங்குங்கள். பெரும்பாலும் அதுவே போதும். நூலகங்கள் புதியவையாக மாறிவிட்டன. நினைவகத்தில் இருப்பதோ பழைய மாட்யூல். பயனர் கேட்காமலே பின்னணியில் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை நிறுவும் வசதி இயங்கும் கணினிகளில், ‘நான் எதையும் தொடவில்லை’ என்று ஒருவர் சத்தியம் செய்யும்போதும் இந்தப் பிழை வருவது இதனால்தான்.

மறுதொடக்கத்துக்குப் பின்னும் பிழை நீங்கவில்லை என்றால் இரண்டு எண்களை ஒப்பிட வேண்டும். ‘ப்ராக்’ கோப்புறையில் ‘டிரைவர்’, அதற்குள் ‘என்விடியா’, அதற்குள் இருக்கும் ‘வெர்ஷன்’ கோப்பு இப்போது ஏறியிருக்கும் மாட்யூலின் பதிப்பைக் காட்டும். ‘மாட்இன்ஃபோ என்விடியா’ என்ற கட்டளை வட்டில் இருக்கும் மாட்யூலின் பதிப்பைக் காட்டும். இரண்டும் வேறுபட்டால், கணினி தொடங்கும்போது பயன்படும் இனிட்ராம்எஃப்எஸ் என்னும் தொடக்கப் பிம்பத்துக்குள் பழைய மாட்யூல் சிக்கியிருக்க வாய்ப்பு மிகுதி. லினக்ஸ் வழங்கல்களான உபுண்டு, டெபியன் ஆகியவற்றில் ‘அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ்’, ஃபெடோராவில் ‘டிராகட்’, ஆர்ச்சில் ‘எம்கேஇனிட்சிபியோ’ ஆகிய கருவிகளால் அப்பிம்பத்தைப் புதிதாக உருவாக்கலாம். அதற்கு முன் பூட் பகிர்வில் இடம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். தனிப் பகிர்வாகச் சிறிய அளவில் ஒதுக்கப்பட்டு, பழைய கெர்னல்களால் நிரம்பி வழியும் பூட் பகிர்வில் புதிய பிம்பம் முழுமையாக எழுதப்படாமல் நின்றுவிடும்; அந்தப் பிழைச்செய்தி நூறு வரிகளுக்கு நடுவே ஓடி மறைந்துவிடும்.

மறுதொடக்கம் செய்ய முடியாத சேவையகமாக இருந்தால், அட்டையைப் பயன்படுத்தும் எல்லா நிரல்களையும் நிறுத்திவிட்டு யுவிஎம், டிஆர்எம், மோட்செட் ஆகிய என்விடியா துணை மாட்யூல்கள், கடைசியாக முதன்மை மாட்யூல் என்ற வரிசையில் அவற்றை இறக்கி, மறுபடி ஏற்றலாம். ஏதேனும் ஒரு நிரல் அட்டையை விடாமல் பிடித்திருந்தால் இது நடக்காது.

மீண்டும் தொடங்கினால் கறுப்புத் திரை மட்டுமே வருகிறது. உள்ளே நுழைவது எப்படி?

பதற்றம் வேண்டாம், திரை கறுத்திருக்கிறது என்பதற்குக் கணினி இயங்கவில்லை என்பது பொருளன்று. முதலில் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 விசைகளைச் சேர்த்து அழுத்துங்கள். உரைவடிவ உள்நுழைவு வந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. வேறொரு கணினியிலிருந்து எஸ்எஸ்ஹெச் வழியாக நுழைய முடிந்தாலும் அதே பயன்தான்.

இரண்டும் இயலாவிட்டால், எந்தக் கெர்னலைத் தொடங்குவது என்று தேர்ந்தெடுக்கும் க்ரப் பட்டியலுக்குச் செல்ல வேண்டும். அது தானாகத் தோன்றாத கணினிகளில், பழைய பயாஸ் முறை என்றால் தொடக்கத்தில் ஷிஃப்ட் விசையையும், யுஇஎஃப்ஐ முறை என்றால் எஸ்கேப் விசையையும் அழுத்த வேண்டும். இங்கே இரண்டு வழிகள் உள்ளன. கெர்னலும் புதிதாக மாறியிருந்தால், பட்டியலில் உள்ள பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்துப் பார்ப்பது எளிய வழி. அது பயன்படவில்லை என்றால், தொடக்கப் பதிவின் மேல் நின்று ‘ஈ’ விசையை அழுத்தி, ‘லினக்ஸ்’ என்று தொடங்கும் வரியின் இறுதியில் ஓர் இடைவெளி விட்டு 3 என்ற எண்ணைச் சேர்த்து, கன்ட்ரோல், எக்ஸ் விசைகளை அழுத்தினால் வரைகலைச் சூழல் இல்லாத உரைமுறையில் கணினி தொடங்கும். உரை கூடத் தெரியாதபோது அதே இடத்தில், வரைகலை இயக்கி திரை அமைப்பில் தலையிடாமல் தடுக்கும் ‘நோமோட்செட்’ என்ற சொல்லையும் சேர்க்கலாம். இம்மாற்றம் அந்த ஒருமுறைக்கு மட்டுமே. எதையும் நிரந்தரமாகக் கெடுத்துவிடாது. ‘நோமோட்செட்’ ஒரு தீர்வு என்று எண்ணி அதை நிரந்தர அமைப்பில் எழுதிவிடுகிறவர்கள் பலர். பிறகு திரை ஏன் மந்தமாகவே இருக்கிறது என்று மாதக்கணக்கில் தேடுவார்கள். அது உள்ளே நுழைவதற்கான பின்வாசல் மட்டுமே.

உள்ளே வந்ததும் முதல் வேலை, தோற்றுப்போன அந்தத் தொடக்கத்தின் பதிவைப் படிப்பது. ‘ஜர்னல்சிடிஎல்’ கட்டளையோடு ‘பி’ என்ற தெரிவையும் கழித்தல் 1 என்ற எண்ணையும் கொடுத்தால் முந்தைய தொடக்கத்தின் பதிவு கிடைக்கும். அதில் ‘என்விஆர்எம்’ என்று தொடங்கும் வரிகளையும், மாட்யூல் ஏறாமல் போனது பற்றிய வரிகளையும் தேடுங்கள். அவ்வரிகள் என்ன சொல்கின்றன என்பதைப் பொறுத்து அடுத்த கேள்விகளில் ஒன்று உங்களுக்கு உரியதாக இருக்கும்.

கெர்னல் புதுப்பிப்புக்குப் பிறகு மாட்யூலே இல்லை என்று வருகிறது. டிகேஎம்எஸ் அதைத் தானாக உருவாக்கியிருக்க வேண்டும் அல்லவா?

வேண்டும்தான். டிகேஎம்எஸ் என்பது ஒவ்வொரு புதிய கெர்னலுக்கும் வெளி மாட்யூல்களைத் தானாக மறுபடி தொகுத்துத் தரும் ஏற்பாடு. அது தவறுவதற்கு இரண்டு முதன்மையான காரணங்கள் உண்டு.

முதலாவது, அந்தக் கெர்னலுக்கு உரிய தலைப்புக் கோப்புகள், அதாவது ஹெடர்கள், இல்லாதிருப்பது. உபுண்டுவில் ‘லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஜெனரிக்’, டெபியனின் 64 பிட் கணினிகளில் ‘லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஏஎம்டி64’, ஆர்ச்சில் ‘லினக்ஸ்-ஹெடர்ஸ்’, ஃபெடோராவில் ‘கெர்னல்-டெவல்’ ஆகிய பொதிகள் நிறுவப்பட்டிருக்க வேண்டும். ஒரு குறிப்பிட்ட பதிப்பின் ஹெடரை மட்டும் நிறுவிவிட்டு, எப்போதும் நடப்புப் பதிப்பைத் தொடரும் பொதுப் பொதியை விட்டுவிட்டால் இன்று வேலை செய்யும். அடுத்த கெர்னல் வரும் நாளில் நின்றுவிடும். ஃபெடோராவில் இன்னொரு நுணுக்கம்: நீங்கள் பழைய கெர்னலில் இருந்துகொண்டே ‘கெர்னல்-டெவல்’ பொதியை நிறுவினால், களஞ்சியத்தில் உள்ள புதிய பதிப்புக்கு உரியதுதான் வரும். எனவே முதலில் கெர்னலைப் புதுப்பித்து, மீண்டும் தொடங்கி, பிறகு நிறுவ வேண்டும்.

இரண்டாவது காரணம், தொகுப்பே தோல்வியடைவது. லினக்ஸ் கெர்னல் தன்மேல் இயங்கும் பயனர் நிரல்களுக்குத் தரும் இடைமுகத்தை முறிப்பதில்லை என்பதில் கண்டிப்பாக இருக்கிறது. ஆனால் தன் உள்ளிடைமுகங்களைப் பற்றி அத்தகைய வாக்குறுதி எதையும் அது தருவதில்லை. ஒரு பதிப்பில் இருந்த சார்பு அடுத்த பதிப்பில் பெயர் மாறியிருக்கலாம். அதன் அளவுருக்கள் கூடியிருக்கலாம். அல்லது அது அறவே இல்லாமல் போயிருக்கலாம். கெர்னல் மூலத்துக்கு உள்ளேயே இருக்கும் இயக்கிகள் அந்த மாற்றத்தோடு சேர்த்துத் திருத்தப்படுகின்றன. வெளியே இருக்கும் இயக்கியைத் திருத்துவது அதன் உரிமையாளரின் பொறுப்பு. அதனால்தான் பழைய இயக்கியோடு மிகப் புதிய கெர்னலைச் சேர்க்கும்போது தொகுப்பு முறிகிறது.

‘டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்’ என்ற கட்டளை, எந்தக் கெர்னலுக்கு எந்தப் பதிப்பு நிறுவப்பட்டிருக்கிறது என்று காட்டும். தோல்வியடைந்திருந்தால் ‘வார்’, ‘லிப்’, ‘டிகேஎம்எஸ்’ என்ற வரிசையில் சென்று, இயக்கியின் பெயரிலான கோப்புறைக்குள் ‘மேக்.லாக்’ என்ற கோப்பைத் திறந்து பாருங்கள். திரையில் கடைசியாகத் தெரியும் ‘தொகுப்பு தோல்வி’ என்ற வரியால் எந்தப் பயனும் இல்லை. எல்லாத் தோல்விக்கும் அதே வரிதான் வரும். பதிவுக் கோப்பை மேலிருந்து படித்து, ‘எரர்’ என்ற சொல் முதன்முதலில் வரும் இடத்தைப் பிடிக்க வேண்டும். அடுத்து வரும் பிழைகள் பெரும்பாலும் அந்த முதல் பிழையின் எதிரொலிகளே. அந்த வரி கெர்னலின் உள்ளிடைமுகம் ஒன்றைக் குறைகூறுமானால், இயக்கியின் புதிய பதிப்புக்குச் செல்வது அல்லது பழைய கெர்னலிலேயே சில காலம் இருப்பது ஆகிய இரண்டே வழிகள். நீண்ட கால ஆதரவுள்ள எல்டிஎஸ் கெர்னலை இரண்டாவதாக எப்போதும் நிறுவி வைத்திருப்பது இத்தகைய நாள்களில் கைகொடுக்கும்.

ஃபெடோராவில் நிறுவிய உடனே மீண்டும் தொடங்கினேன்; இயக்கி வரவில்லை.

ஆர்பிஎம் ஃப்யூஷன் களஞ்சியத்தின் ‘ஏகேமாட்’ முறையில், பொதி நிறுவப்பட்ட பிறகும் மாட்யூல் பின்னணியில் தொகுக்கப்பட்டுக்கொண்டிருக்கும். சில நிமிடங்கள் காத்திருந்து, ‘மாட்இன்ஃபோ’ கட்டளை பதிப்பெண்ணைக் காட்டிய பிறகே மீண்டும் தொடங்குங்கள்.

மாட்யூல் இருக்கிறது; ஆனால் சாவி நிராகரிக்கப்பட்டது என்று பிழை வருகிறது.

இது செக்யூர் பூட் வசதியின் வேலை. அவ்வசதி இயங்கும்போது, நம்பகமான சாவியால் கையொப்பமிடப்படாத மாட்யூலைக் கெர்னல் ஏற்காது. டிகேஎம்எஸ் உங்கள் கணினியிலேயே தொகுக்கும் மாட்யூலுக்கு வெளியார் யாரும் கையொப்பமிட்டிருக்க முடியாது ஆகையால், உங்கள் கணினியிலேயே உருவான சாவியால் அதற்குக் கையொப்பமிட்டு, அந்தச் சாவியை ‘மோக்’ எனப்படும் கணினி உரிமையாளர் சாவிப் பட்டியலில் பதிவு செய்ய வேண்டும்.

பதிவு இரண்டு கட்டமாக நடக்கிறது. முதலில் ‘மோக்யூட்டில்’ கருவி சாவியை வரிசையில் வைத்து ஒரு தற்காலிகக் கடவுச்சொல்லைக் கேட்கும். அடுத்த தொடக்கத்தில், இயங்குதளம் ஏறுவதற்கு முன், நீலத்திரை ஒன்று வரும். அதில் சாவியைச் சேர்க்கும் தெரிவை எடுத்து அதே கடவுச்சொல்லைத் தர வேண்டும். அந்த நீலத்திரை சில நொடிகளே காத்திருக்கும். விசை எதையும் அழுத்தாவிட்டால் சத்தமின்றிக் கடந்து போய்விடும்; சாவி பதிவாகாது; முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். இதை எழுதுபவர் அந்தத் திரையை இருமுறை தவறவிட்டிருக்கிறார். இரண்டு முறையும் காரணம், மறுதொடக்கத்தின்போது எழுந்து போனது. இன்னொன்று: அத்திரை அமெரிக்க விசைப்பலகை அமைப்பையே எதிர்பார்க்கிறது. வேறு அமைப்பைப் பயன்படுத்துவோர், இடம் மாறாத எழுத்துகளைக் கொண்ட கடவுச்சொல்லைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

உபுண்டுவில் இதைத் தவிர்க்கும் வழியும் உண்டு. ‘லினக்ஸ்-மாட்யூல்ஸ்-என்விடியா’ என்று தொடங்கும் பொதிகள் முன்கூட்டியே தொகுக்கப்பட்டு, உபுண்டுவை வெளியிடும் கனானிக்கல் நிறுவனத்தின் கையொப்பத்தோடு வருகின்றன. அவற்றுக்குத் தனிச் சாவி தேவையில்லை. செக்யூர் பூட்டை அறவே அணைத்துவிடுவதும் தீர்வுதான் என்றாலும், பிழை என்னவென்றே தெரியாமல் முதல் வேலையாக அதை அணைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

புதிய பதிப்பு என் அட்டையை ஆதரிக்கவில்லை என்கிறது. நேற்று வரை வேலை செய்ததே?

என்விடியா அவ்வப்போது பழைய அட்டைத் தலைமுறைகளைப் புதிய இயக்கிக் கிளைகளிலிருந்து நீக்கிவிடுகிறது. ஃபெர்மி தலைமுறைக்கு 390 கிளைதான் கடைசி; அதன் ஆதரவு 2022 இறுதியில் முடிந்தது. கெப்ளர் தலைமுறைக்கு 470. அதுவும் 2024இல் முடிந்தது. ஜிடிஎக்ஸ் 900 வரிசையின் மேக்ஸ்வெல், ஜிடிஎக்ஸ் 10 வரிசையின் பாஸ்கல், வோல்டா ஆகியவற்றுக்கு 580 கிளையே கடைசி. எப்போதும் அண்மைப் பதிப்பையே தரும் வழங்கல்களில் 590 கிளை வந்து சேரும் நாளில், பாஸ்கல் அட்டை வைத்திருப்பவர் எந்தத் தவறும் செய்யாமலே திரையை இழக்கக்கூடும். தீர்வு, உங்கள் அட்டைக்கு உரிய பழைய கிளையின் பொதியைத் தேர்ந்து நிறுவுவது.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொரு பிரிவு இருக்கிறது. 2022 மே மாதத்தில், 515 கிளையிலிருந்து, என்விடியா தன் கெர்னல் மாட்யூல்களின் மூலநிரலைத் திறந்த உரிமத்தில் வெளியிடத் தொடங்கியது. நூலகப் பாதி இன்னும் மூடியதே. திறந்த மாட்யூல்கள், அட்டையிலேயே இருக்கும் ஜிஎஸ்பி என்னும் துணைச்செயலியை நம்பி இயங்குகின்றன. அது டூரிங் தலைமுறையிலிருந்துதான் உண்டு. ஆகவே ஜிடிஎக்ஸ் 16, ஆர்டிஎக்ஸ் 20 வரிசைகளிலும் அவற்றுக்குப் பின் வந்தவற்றிலும் மட்டுமே அவை இயங்கும். மறுபுறம், ஆர்டிஎக்ஸ் 50 வரிசையின் பிளாக்வெல் அட்டைகள் திறந்த மாட்யூல்களோடு மட்டுமே இயங்கும். எனவே ஒரே பதிப்பெண்ணில் இரு வகை மாட்யூல்கள் கிடைக்கும்போது, பழைய அட்டைக்குத் திறந்த வகையையோ புதிய அட்டைக்கு மூடிய வகையையோ நிறுவினால், நிறுவல் குறையின்றி முடியும். அட்டை மட்டும் விழிக்காது. பொதியின் பெயரில் ‘ஓப்பன்’ என்ற சொல் இருக்கிறதா என்று பார்ப்பது இந்தச் சந்தேகத்தை உடனே தீர்க்கும்.

திரை வருகிறது, ஆனால் எல்லாம் மந்தமாக இருக்கிறது.

‘ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ’ கட்டளையைப் பெரிய ‘பி’ தெரிவோடு இயக்குங்கள். வரைபவரின் பெயராக ‘எல்எல்விஎம்பைப்’ என்று வந்தால், வரைகலை வேலை முழுவதையும் மையச் செயலியே செய்துகொண்டிருக்கிறது. அதாவது இயக்கி ஏறவில்லை. ‘நூவோ’ என்ற திறந்த இயக்கி ஏறியிருந்து, அதுவே தனியுரிம இயக்கிக்கு இடம் தராமல் இருக்கவும் கூடும். இரண்டும் ஒரே அட்டையை ஒரே நேரத்தில் ஆள முடியாது. நூவோவைத் தடைப்பட்டியலில் சேர்த்த பிறகு தொடக்கப் பிம்பத்தையும் மறுபடி உருவாக்க மறந்தால் தடை பயன் தராது.

விளையாட்டுகளில் மட்டும் முதல் சில நிமிடங்கள் திணறல் இருந்தால், அது கோளாறே அன்று. இயக்கி மாறியதும் முன்பு தொகுத்துச் சேமித்த ஷேடர்கள், அதாவது காட்சியை வரையும் சிறு நிரல்கள், செல்லாமல் போவதால் அவை மறுபடி தொகுக்கப்படுகின்றன.

மேசைத்தளம் சரி, ஃப்ளாட்பேக் நிரல்களும் ஸ்டீமும் மட்டும் தொடங்கவில்லை.

நிரல்களைத் தனித்த சூழலில் இயக்கும் பொதிமுறையான ஃப்ளாட்பேக் தனக்கென ஒரு பிரதி நூலகத்தை வைத்துக்கொள்கிறது. அதன் பதிப்பும் கெர்னல் மாட்யூலின் பதிப்போடு ஒத்திருக்க வேண்டும். ‘ஃப்ளாட்பேக் அப்டேட்’ கட்டளை பொருத்தமானதைக் கொண்டுவரும். விளையாட்டுத் தளமான ஸ்டீமுக்கு 32 பிட் நூலகங்களும் தேவை. மேம்படுத்தலின்போது 64 பிட் பாதி மட்டும் உயர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

‘என்விடியா-எஸ்எம்ஐ’ காட்டும் குடா பதிப்பு, நான் நிறுவியதோடு ஒத்துப்போகவில்லையே?

ஒத்துப்போக வேண்டியதில்லை. அங்கே தெரிவது, அந்த இயக்கி ஆதரிக்கக்கூடிய மிக உயர்ந்த பதிப்பு. உங்கள் கணினியில் நிறுவப்பட்டிருக்கும் கருவித்தொகுதியின் பதிப்பு அன்று.

நிறுவனத்தின் தளத்திலிருந்து பதிவிறக்கிய ‘.ரன்’ கோப்பால் நிறுவுவது நல்லதா?

தவிர்க்கச் சொல்வேன். அந்த நிறுவி தன் கோப்புகளை நேரடியாக அமைப்பின் கோப்புறைகளில் எழுதுகிறது. பொதி மேலாளருக்கு அவற்றைப் பற்றி எதுவும் தெரியாது. பிறகு ஒருநாள் வழங்கலின் பொதி வேறொரு பதிப்பை அதே இடங்களில் வைக்கும்போது, எந்தக் கோப்பு எதனுடையது என்று யாராலும் சொல்ல முடியாத கலவை உருவாகிறது. எவ்வளவு தேடியும் காரணம் பிடிபடாத பதிப்பு மோதல்களில், என்றோ ஒருநாள் இயக்கிய ‘.ரன்’ கோப்பின் மிச்சம் கிடைப்பது வாடிக்கை. ஏற்கெனவே அப்படி நிறுவியிருந்தால், ‘என்விடியா-அன்இன்ஸ்டால்’ கட்டளையால் அதை முதலில் முழுமையாக நீக்கிவிட்டு, வழங்கலின் பொதிகளை மறுபடி நிறுவுங்கள். ‘ஈடிசி’ கோப்புறைக்குள் ‘எக்ஸ்11’ என்ற இடத்தில் பழைய ‘எக்ஸ்ஆர்க்.கான்ஃப்’ கோப்பு ஒன்று மிஞ்சியிருந்தால் அதையும் வேறு பெயருக்கு மாற்றிப் பாருங்கள். இன்றைய கணினிகளில் பெரும்பாலானவற்றுக்கு அது தேவையே இல்லை.

உறக்கநிலையிலிருந்து எழுந்ததும் திரை சிதைந்து வருகிறது.

உறங்கும்போது அட்டையின் நினைவகம் சேமிக்கப்படாததே வழக்கமான காரணம். வீடியோ நினைவகத்தைப் பாதுகாக்கும் ‘பிரிசர்வ் வீடியோ மெமரி அலோகேஷன்ஸ்’ அளவுருவை 1 என்று அமைத்து, என்விடியாவின் உறக்கம், விழிப்பு, ஹைபர்னேட் ஆகிய மூன்று சிஸ்டம்டி சேவைகளும் இயக்கத்தில் இருப்பதை உறுதிசெய்யுங்கள். நினைவகத்தின் உள்ளடக்கம் இயல்பாகத் ‘டெம்ப்’ கோப்புறையில் எழுதப்படுவதால், அது ராமிலேயே அமைந்த கணினிகளில் வட்டில் உள்ள வேறோர் இடத்தைக் காட்டுவது நல்லது.

பழைய பதிப்புக்கே திரும்பி, அங்கேயே நிறுத்திவைக்கலாமா?

திரும்பலாம், ஆனால் மாட்யூல், நூலகம், 32 பிட் நூலகம் ஆகிய எல்லாப் பொதிகளும் ஒரே பதிப்புக்கு ஒன்றாகத் திரும்ப வேண்டும். ஆர்ச்சில் பழைய பொதிகள் அதன் பொதி மேலாளரான பேக்மேனின் தற்காலிகச் சேமிப்பில் இருக்கும்; ஃபெடோராவில் ‘டிஎன்எஃப் ஹிஸ்டரி அன்டூ’ உதவும்; டைம்ஷிஃப்ட் அல்லது ஸ்னாப்பர் வழியாக முன்பே எடுத்த நிலைப்பிரதி இருந்தால் அதுவே எல்லாவற்றிலும் எளிது. உபுண்டுவில் ‘ஆப்ட்-மார்க் ஹோல்ட்’ பொதியை அதே பதிப்பில் நிறுத்திவைக்கும். ஆனால் இயக்கியை மட்டும் நிறுத்திவிட்டுக் கெர்னலை ஓடவிடுவது அரைவேலை. சில மாதங்களில் புதிய கெர்னலோடு பழைய இயக்கி தொகுபடாமல், மேலே சொன்ன டிகேஎம்எஸ் தோல்வி வந்து நிற்கும். நிறுத்தினால் இரண்டையும் நிறுத்துங்கள். நிறுத்தியதை எங்காவது குறித்தும் வையுங்கள், ஏனெனில் பாதுகாப்புத் திருத்தங்களும் அதோடு நின்றுபோகின்றன.

ஏஎம்டி அட்டைகளுக்கும் இதே தொல்லைகளா?

பெரும்பாலும் இல்லை. ‘ஏஎம்டிஜிபியு’ இயக்கி 2015இல் 4.2 பதிப்பிலிருந்தே கெர்னலுக்குள் இருக்கிறது; நூலகப் பாதியை மெசா என்னும் திறந்த நூலகத் தொகுப்பு தருகிறது. ஏஎம்டியின் தனிப் பொதிகளைக் குறிப்பிட்ட கணிப்பணிக்காக நிறுவியவர்கள், வழங்கலின் பெரிய பதிப்புக்கு மாறும் முன் அவற்றை நீக்கிவிட்டுச் செல்வது நல்லது.

எல்லாம் பார்த்தாயிற்று, தீரவில்லை. பிழையை எப்படித் தெரிவிப்பது?

முதலில் கெர்னல் பதிவில் ‘எக்ஸ்ஐடி’ என்ற சொல்லோடு ஓர் எண் வருகிறதா என்று பாருங்கள். 79 என்று வந்தால் கெர்னலால் அட்டையை எட்டவே முடியவில்லை என்று பொருள். மின்வழங்கி, செருகி, வெப்பம் ஆகியவற்றை ஆராயாமல் இயக்கியைக் குற்றம் சொல்ல முடியாது. மேம்படுத்திய அன்றே வன்பொருளும் பழுதாவது அரிது, ஆனால் நடக்காததன்று.

பிறகு, கோளாறு நிகழ்ந்துகொண்டிருக்கும்போதே ‘என்விடியா-பக்-ரிப்போர்ட்’ என்ற ஸ்கிரிப்டை நிர்வாகி உரிமையோடு இயக்குங்கள். திரை இல்லாவிட்டால் எஸ்எஸ்ஹெச் வழியாக இயக்கலாம். மீண்டும் தொடங்கி எல்லாம் சரியான பிறகு எடுத்த அறிக்கையில் படிப்பதற்கு ஒன்றும் இருக்காது. அவ்வறிக்கையில் கணினியின் பெயர், இயங்கும் நிரல்கள் போன்ற விவரங்களும் இருப்பதால் பொதுவெளியில் இடும் முன் ஒருமுறை படித்துப் பாருங்கள். அதைக் கெர்னல் உருவாக்குநர்களுக்கு அனுப்ப வேண்டாம். தனியுரிம மாட்யூல் ஏறியவுடன் கெர்னல் தன்னை மாசுபட்டதாகக் குறித்துக்கொள்கிறது. அந்தக் குறியுள்ள அறிக்கைகளை அவர்கள் பொதுவாக ஏற்பதில்லை. பொதியிடலில் தவறு என்றால் உங்கள் வழங்கலின் பிழைப்பதிவேட்டுக்கும், இயக்கியின் நடத்தையில் தவறு என்றால் என்விடியாவுக்கும் அனுப்புங்கள். கடைசியாகச் சரியாக இயங்கிய இயக்கிப் பதிப்பு, கெர்னல் பதிப்பு ஆகிய இரண்டு எண்களையும் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.